தாய்ப்பலகை மாறினால் கணனியும் மாறுமா?

பிடி உக்கிப்போன மண்வெட்டிக்குப் புதுப் பிடி போடுகின்றோம். சில ஆண்டுகள் சென்றபின் அலகு தேய்ந்துவிட, புது அலகு வாங்கி அந்தப் பிடியிலேயே பொருத்துகின்றோம். இப்பொழுது கையில் இருப்பது அப்பு வைத்திருந்த மண்வெட்டியா, அல்லது வேறொன்றா? இவ்வாறு கேட்டால் வீட்டிலுள்ளோர் சிரிப்பர். மண் கொத்துகின்றதா என்பதே அவர்களுக்கு வேண்டியது.

விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வினா சில வேளைகளில் விளையாட்டாக இருப்பதில்லை. எமது வீட்டு வாசலுக்கு அது ஒரு கணனியின் உருவில் வந்தது. வந்ததோடு நில்லாமல், ஒரு பொய்யைச் சொல்வதா விடுவதா என்ற இடத்திலே என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. வாசகர்களும் இதுபோன்ற இடத்தில் என்றாவது நிற்க நேரலாம் என்பதால், நடந்ததை முதலிற் சொல்லி, அதன் பின் அதைப்பற்றிச் சிந்திக்க விரும்புகின்றேன்.

வீட்டில் நடந்தது

இளைப்பாறிய ஆசிரியரான என் தகப்பனார் 2014 ஆம் ஆண்டில் ஒரு கணனி வாங்கினார். விண்டோஸ் 7 என்னும் பணிசெயல் முறைமை அதனோடு சேர்த்தே விற்கப்பட்டிருந்தது. 2015 ஆம் ஆண்டு ஜூலை 29 இல் விண்டோஸ் 10 வெளிவந்து, ஓராண்டு காலத்துக்கு இலவசமாக வழங்கப்பட்டபோது அதையும் ஏற்றிக்கொண்டோம். அந்தக் கணனியிலேதான் அவர் எமது குடும்பத்தின் தலைமுறை வரலாற்றையும், தாம் கற்பித்த ஊர்களின் நினைவுகளையும் பாமினி எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் சேர்த்துவைத்தார். அவர் காலமானபின் அது அம்மாவின் கைக்கு வந்தது. அம்மாவுக்கு இயந்திரத்தைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் திரையின் எந்த மூலையில் எந்தப் படத்தை அழுத்தினால் வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளையின் முகம் வரும் என்பது, அடுப்படியில் உப்புப் போத்தல் இருக்கும் இடத்தைப் போல அவருக்குத் தெரியும்.

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாக வந்தன. கணனியின் பின்புறத்துத் துளைகளில் இரண்டு வேலை செய்யாமற் போயின. சில நாட்களில் இரண்டாம் முறை அழுத்தினாற்றான் அது விழித்துக்கொள்ளும். இது சிறிய பிரச்சினை. பெரியது வேறு. விண்டோஸ் 10 க்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடையும் என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிவித்திருந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளிற் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கும். எமது செயலியோ நான்காந் தலைமுறையைச் சேர்ந்தது.

ஒரு செயலியை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. செயலி அமரும் இருக்கை சில தலைமுறைகளுக்கு ஒருமுறை மாறுபடுகின்றது. ஆகவே அதைத் தாங்கும் தாய்ப்பலகையும் மாறவேண்டும். பழைய நினைவகம் டிடிஆர் 3 வகையினது. அது புதிய பலகையின் துவாரத்திற் பொருந்தாது. ஆகவே அதுவும் மாறவேண்டும். தாய்ப்பலகை, செயலி, நினைவகம் ஆகிய மூன்றும் புதியன. பெட்டியும் திரையும் மின்வழங்கியும், எல்லாவற்றையும் ஏந்திய தட்டும் பழையன. இதுவே முடிவாயிற்று.

கடைக்காரர் தமது அனுபவத்தைக் கொண்டு சொன்னார்: "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடுறதுதான் புத்தி. பழசை வைச்சுக்கொண்டு மாரடிக்கேலாது."

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அப்பான்ரை எழுத்தெல்லாம் இருக்குமோ?"

எழுத்துகளைப் பிரதி எடுக்கலாம். ஆனால் அவர் தம் வசதிக்கேற்ப அமைத்துவைத்த தட்டச்சு ஒழுங்கும், மூலத்தட்டுத் தொலைந்துபோன சில பழைய மென்பொருள்களும், அம்மா பழகிய திரையின் அமைப்பும் அழித்தபின் அப்படியே திரும்பி வரா. பணிசெயல் முறைமையை மீண்டும் நிறுவாமலே பலகையை மாற்ற முடியுமா என்று முயன்று பார்க்கத் தீர்மானித்தேன்.

இயந்திரம் தன்னை அறியும் விதம்

இதனைச் சற்று விளக்கவேண்டும். பணிசெயல் முறைமை என்பது ஒரு பெரிய வீட்டின் காரியங்களை நடத்தும் நிருவாகியைப் போன்றது. ஒவ்வொரு வன்பொருள் உறுப்போடும் பேசுவதற்கு அதற்கு ஒரு துபாசி வேண்டும். இத்துபாசியையே ட்றைவர் என்பர். தட்டோடு பேசும் துபாசி இல்லையாயின் நிருவாகி தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தைக்கூடத் திறக்க இயலாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், அதாவது 2001 ஆம் ஆண்டு தொடங்கி, இந்த நிருவாகி தான் முதன்முதற் குடிபுகுந்த பலகைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொண்டது. தட்டை எடுத்து வேறுவகைப் பலகையிற் பூட்டினால், தொடங்கும்போதே நீலத்திரை காட்டி நின்றுவிடுவது சாதாரணம். தட்டு கண்ணெதிரே இருந்தும் "தொடங்கும் தட்டை அணுக முடியவில்லை" என்று முறையிடும். பின்வந்த பதிப்புகளில் இக்குறை வெகுவாகக் குறைந்தது. விண்டோஸ் 10 புதிய பலகையிற் கண்விழித்தால், எங்கே இருக்கின்றோம் என்று சுற்றிப் பார்த்து, தன்னிடமுள்ள பொதுவான துபாசிகளை முதலில் வேலைக்கு அழைத்து, மெல்ல மெல்லத் தன்னை ஒழுங்கு செய்துகொள்கின்றது. லினக்ஸ் இதில் இன்னும் இலகுவானது. பெரும்பாலான துபாசிகளைத் தன் கருவுடனேயே கூட்டிக்கொண்டு செல்வதால், பெரும்பாலும் புது வீட்டிலும் வழக்கம்போல் எழுந்துவிடும்.

எனினும் கவனிக்கவேண்டியவை சில உள. முதலாவது, அனைத்தையும் வேறொரு தட்டிற் பிரதி எடுத்துவைத்தல். இதைச் செய்யாது பலகையிற் கைவைப்பவன் பிறகு தன்னையே நோகவேண்டும். இரண்டாவது, தட்டு பூட்டப்பட்டுள்ளதா எனப் பார்த்தல். பிட்லொக்கர் என்னும் பூட்டு இடப்பட்டிருந்தால், அதன் திறவுகோல் பழைய தாய்ப்பலகையோடு சேர்ந்த பாதுகாப்புச் சில்லில் இருக்கக்கூடும். பலகை போனால் திறவுகோலும் போகும். 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் குறித்து வைத்திராதவர் தமது சொந்தப் பொருளுக்கே அந்நியராவர். மூன்றாவது, பழைய தட்டுகள் பழைய முறையிலே தொடங்குமாறு பிரிக்கப்பட்டிருக்கும். புதிய பலகைகள் பல அம்முறையை ஏற்பதில்லை. எமது தட்டும் அவ்வாறே இருந்தது. அதற்கென விண்டோஸ் 10 இலேயே 2017 முதல் ஒரு சிறு கருவி உண்டு. பழைய பலகையில் இருக்கும்போதே, உள்ளே உள்ளவற்றை அழிக்காமல், தட்டைப் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வேலை முடிந்தது. ஆளியை அழுத்தினோம். "சாதனங்கள் ஆயத்தமாகின்றன" என்ற கருத்துடைய ஒரு வரி தோன்றியது. இயந்திரம் தானாகவே ஒருமுறை நின்று மீண்டும் எழுந்தது. அதன்பின் திரையில் அப்பாவின் படம் வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. தம் விரலால் திரையின் மூலையைத் தொட்டு, எல்லாம் அவ்வவ்விடத்தில் உள்ளனவா என்று பார்த்தார். "அதே கணனிதான்" என்றார்.

ஆனால் திரையின் ஓரத்தில் மங்கிய எழுத்தில் வேறொரு செய்தியும் தோன்றியது: இந்த விண்டோஸ் செயற்படுத்தப்படவில்லை. அம்மா அதே கணனி என்கிறார். கணனியோ "நான் அவன் அல்லேன்" என்கின்றது. யாரை நம்புவது?

அறிஞர் கேட்ட கேள்வி

இது புதிய வினா அன்று. கிரேக்க எழுத்தாளரான புளூட்டாக், தேசியஸ் என்னும் வீரனின் கப்பலைப்பற்றி எழுதியிருக்கின்றார். அதென்ஸ் நகரத்தார் அக்கப்பலைப் பல்லாண்டுகள் பேணிவந்தனர். உக்கிய பலகைகளை அகற்றி அவ்விடங்களிற் புதிய பலகைகளை இட்டுவந்தனர். அது அதே கப்பல்தான் என ஒரு சாராரும், அன்று என மறு சாராரும் வாதிட்டனர் என்று அவர் கூறுகின்றார். வள்ளத்துக்குப் பலகை மாற்றிப் பழகிய எமது கடற்றொழிலாளர் எவருக்கும் இது உடனே விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான தோமஸ் ஹொப்ஸ், 1655 இல் வெளிவந்த தமது நூலொன்றில் இவ்வினாவை மேலும் இறுக்கினார். அகற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அதே ஒழுங்கில் மீண்டும் ஒரு கப்பலாகக் கட்டினால் என்ன சொல்வது? இப்பொழுது இரண்டு கப்பல்கள். எது தேசியஸின் கப்பல்?

இதற்கு வெகுகாலம் முன்னரே அரிஸ்ரோட்டில் ஒரு பொருளில் அது ஆக்கப்பட்ட சடத்தையும், அதனை இன்னதாக ஆக்கும் வடிவத்தையும் பிரித்துக் காட்டினார். வடிவம் என்பதால் அவர் வெறும் தோற்றத்தைக் கருதவில்லை. ஒன்றை அதுவாக இயங்கச் செய்யும் ஒழுங்கைக் கருதினார். புனித தோமஸ் அக்குவினாஸ் மனிதனைப்பற்றிப் பேசுமிடத்து ஆன்மாவே உடலின் வடிவம் என்று கூறியது இந்த வழியிலேதான். பின்னர் வந்த ஜோன் லொக், மனிதன் நேற்றும் இன்றும் அதே ஆளாக இருப்பது அவனது சடத்தினால் அன்று, நினைவோடு கூடிய உணர்வினால் என்றார்.

எமது கணனிக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தால், அம்மா லொக்கின் பக்கம். நினைவு இருக்கின்றது, ஒழுங்கு இருக்கின்றது; ஆகவே அதுவே. மைக்ரோசொப்ட் நிறுவனமோ சடத்தின் பக்கம். கணனியோடு சேர்த்து விற்கப்படும் உரிமம் அக்கணனிக்கே உரியது என்றும், தாய்ப்பலகையே கணனியின் உயிர்நிலை என்றும், அதை மாற்றித் தரமுயர்த்தினால் அது புதுக் கணனியே என்றும் அந்நிறுவனம் நெடுங்காலமாக விதி வைத்திருக்கின்றது. தனியாக வாங்கப்படும் உரிமம் அப்படியன்று. ஒரு கணனியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல அது இடமளிக்கும். எம்மிடம் இருந்தது முதல் வகை.

ஹொப்ஸின் கப்பல் அயல்வீட்டில்

நான் பழைய பலகையையும் செயலியையும் நினைவகத்தையும் எறியவில்லை. அயல்வீட்டில் உயர்தரம் படிக்கும் பையன் ஒருவன் கேட்டான், கொடுத்தேன். அவன் எங்கோ கிடந்த பழைய பெட்டியொன்றில் அவற்றைப் பூட்டி, ஒரு சிறு தட்டு வாங்கி, அதில் விண்டோஸ் 10 ஐப் புதிதாக நிறுவினான். இரு தினங்களின் பின் வியப்போடு ஓடிவந்தான். "அண்ணா, உரிம எண் ஒண்டும் கேக்கேல்லை. தானா ஓமெண்டு வந்திட்டுது!"

வியப்பதற்கு ஒன்றுமில்லை. முன்னர் இலவசமாகத் தரமுயர்த்தியபோது அந்தப் பலகையின் அடையாளத்தை நிறுவனம் பதிந்துவைத்திருந்தது. இப்பொழுது அந்த அடையாளத்தைக் கண்டதும், வீடு திரும்பிய பிள்ளையை வரவேற்பதுபோல் ஏற்றுக்கொண்டது. ஹொப்ஸ் கற்பனை செய்த இரண்டு கப்பல்களும் எங்கள் ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளில் நின்றன. எங்கள் வீட்டில் அப்பாவின் எழுத்துகளோடு ஒன்று. பையனின் வீட்டில் அப்பாவின் பலகையோடு மற்றது. அம்மாவின் கணக்கில் முதலாவதே எங்கள் கணனி. நிறுவனத்தின் கணக்கில் இரண்டாவதே.

பொய் வந்த வழி

பையன் வந்து சொல்வதற்கு முன்னரே, என் தமக்கையின் மகன் எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தான். "மாமா, உதவிக்கு எடுத்துக் கதையுங்கோ. பழைய பலகை பழுதாப் போச்சுது, அதுதான் மாத்தினது எண்டு சொல்லுங்கோ. ஆர் வந்து பாக்கப் போகினம்?"

அவன் சொன்னதில் விஷயம் உண்டு. அதே விதியில் ஒரு விலக்கு இருக்கின்றது. தாய்ப்பலகை பழுதடைந்த காரணத்தால் மாற்றப்பட்டிருந்தால் உரிமம் தொடரும். தரமுயர்த்துவதற்காக மாற்றப்பட்டிருந்தால் தொடராது. வாசகர்கள் இதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். இரு வீடுகளில் இரு கணனிகளை வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே பழைய பலகை அகற்றப்பட்டு அதே புதிய பலகை பூட்டப்படுகின்றது. ஆணிக்கு ஆணி, கம்பிக்குக் கம்பி வேறுபாடில்லை. ஆயினும் ஒன்று "பழைய கணனி", மற்றது "புதிய கணனி". வேறுபாடு எங்கே இருக்கின்றது? இயந்திரத்தில் இல்லை. அதை மாற்றியவன் ஏன் மாற்றினான் என்பதிலே இருக்கின்றது. அந்த "ஏன்" என்பதை அறிந்தவனோ ஒருவன் மட்டுமே. விதி முழுவதும் அவனது வாய்ச்சொல்லை நம்பி நிற்கின்றது.

என் மனம் உடனே வக்கீலாயிற்று. பழுது இருந்ததுதானே? இரண்டு துளைகள் வேலை செய்யவில்லை. சில நாட்களில் விழிக்கவுமில்லை. "பழுதான பலகை" என்று சொன்னால் முழுப் பொய்யாகுமா? அப்பா ஒருமுறை காசு கொடுத்து வாங்கியதுதானே? அந்தப் பெரிய நிறுவனத்துக்கு எனது சில ஆயிரம் ரூபாவினால் என்ன குறைந்துவிடப் போகின்றது? அதைவிட, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணனியைப் பழையதாக்கி என்னை இச்செலவுக்குள் தள்ளியதும் அவர்களின் தீர்மானம் அல்லவா?

இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். உரிமத்தின் விதிகளை எழுதுபவர் ஒருவர். "சம்மதம்" என்பதை அழுத்துபவர் மற்றவர். பேரம் பேச இடமில்லை. வேலை செய்யும் இயந்திரங்கள் இலட்சக்கணக்கில் ஒதுக்கப்படுவது நல்லதா என்ற வினாவும் நியாயமானதே. ஒரு விதி கடுமையானது என்று கருதுபவன் அதை வெளிப்படையாக எதிர்க்கலாம். அப்பொருளை வாங்காமல் விடலாம். கட்டணமில்லாத லினக்ஸுக்கு மாறலாம். இவையெல்லாம் நேர்மையான வழிகள். ஆனால் நான் செய்யவிருந்தது இவற்றில் ஒன்றும் அன்று. விதியை எதிர்க்காமல், அதன் விலக்கினுள் பொய்யான காரணத்தோடு நுழையவே நினைத்தேன். உண்மையிலேயே பலகை பழுதடைந்தவருக்காகத் திறந்து வைக்கப்பட்ட கதவு அது. பொய்யர் பலர் நுழைந்தால் நாளை அந்தக் கதவு மூடப்படும். அல்லது உண்மை சொல்பவனையும் அதற்குச் சான்று கேட்டு அலைக்கழிப்பர். நஷ்டம் அடைவது பெரிய நிறுவனம் அன்று. அடுத்ததாக வரிசையில் நிற்கும் ஏழையே.

என்னையே நான் ஒரு கேள்வி கேட்டேன்: அந்த இரண்டு துளைகள் பழுதாகாதிருந்தால் பலகையை மாற்றியிருப்பேனா? ஆம், மாற்றியே இருப்பேன். ஒக்டோபர் 14 என்ற திகதி வராதிருந்தால் அத்துளைகளுக்காக மாற்றியிருப்பேனா? இல்லை, வேறு துளையிற் செருகிக்கொண்டு இருந்திருப்பேன். அவ்வளவுதான். காரணம் எது, சாட்டு எது என்பது அந்த இரண்டு விடைகளிலே பிரிந்துவிட்டது. உண்மையான ஒரு சிறு செய்தியைக் காட்டிப் பெரிய உண்மையை மறைப்பதும் பொய்யே. நாம் சாதாரணமாகச் சொல்லும் பொய்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே அல்லவா?

அடுத்த நாளே பையன் ஓடிவந்து தன் வெற்றியைச் சொன்னான். நான் "பழுது" என்று சொல்லியிருந்தால், அந்தப் பழுதான பலகை அடுத்த வீட்டிலே இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். ஒரு முறை கொடுத்த காசில் இரண்டு கணனிகள் ஓடியிருக்கும். பெயர்த்தெடுத்துச் செல்லக்கூடிய தனி உரிமமொன்றை வாங்கினேன். அம்மாவின் ஒரு மாத மருந்துச் செலவுக்கு மேலாக வந்தது. வலித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒன்றா, வேறா?

இனி, முதலிற் கேட்ட வினாவுக்கு வருவோம். அது அதே கணனியா? பொருள்களைப் பொறுத்தமட்டில் "எதற்காகக் கேட்கின்றாய்?" என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை என எனக்குத் தோன்றுகின்றது. அப்பாவின் நினைவைத் தேடுபவருக்கு எங்கள் வீட்டில் இருப்பதே அது. உடன்படிக்கையைப் பார்ப்பவருக்கு அயல்வீட்டில் இருப்பதே அது. மின்வழங்கியும் பெட்டியும் எவரிடம் என்று கேட்பவருக்கு மீண்டும் எங்களிடம். மூவரும் முரண்படவில்லை; மூவரும் வெவ்வேறு வினாக்களைக் கேட்கின்றனர். மண்வெட்டிக்கும் கப்பலுக்கும் அவ்வாறே.

ஆனால் மனிதன் இப்படித் தப்பிக்கொள்ள முடியாது. எமது உடலும் ஓயாது மாறுகின்றது. சிவப்பு இரத்தக் கலமொன்று ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கின்றது. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு உடலும் புதிதாகிவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. மூளையின் நரம்புக் கலங்களிற் பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் எம்மோடு இருக்கின்றன. எது மாறினும் எது நிலைப்பினும், பத்தாண்டுகளுக்கு முன் கைச்சாத்திட்டவனிடமே இன்று கடன் கேட்கின்றனர். "அந்த நான் வேறு, இந்த நான் வேறு" என்று நீதிமன்றத்திற் சொல்ல முடியாது. மனைவியிடமும் சொல்ல முடியாது. "சம்மதம்" என்று அன்று அழுத்திய விரலின் தோல் பலமுறை உரிந்து புதிதாகிவிட்டது. சம்மதம் உரியவில்லை.

லொக் சொன்ன நினைவு மட்டும் இதற்குப் போதுமா? தான் கொடுத்த வாக்கை ஒருவன் மறந்துவிட்டால் வாக்கு இல்லாமற் போய்விடுமா? இல்லை. அவன் மறந்தாலும் வாக்கைப் பெற்றவன் மறக்கவில்லை. நான் நானாக இருப்பது என் தலைக்குள் மட்டும் நடக்கும் காரியம் அன்று. என்னை நம்பியிருப்போர் பலரின் கைகளிலும் அதன் ஒரு பகுதி இருக்கின்றது.

இங்கேதான் கடைக்காரரின் ஆலோசனை என் நினைவுக்கு வருகின்றது: எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதே புத்தி. கணனிக்கு அது பல வேளைகளிற் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். கெட்ட நிரல் ஒன்று உட்புகுந்து வேரூன்றிவிட்டால் முழுவதையும் அழிப்பதே பாதுகாப்பு. அழிக்காமல் மாற்றிய எமது கணனியிலும் பழைய பலகையின் துபாசிகள் வேலையின்றி இன்னும் ஒளிந்திருக்கின்றன. மறைந்த சாதனங்களைக் காட்டு என்று கேட்டால் அவை மங்கலாக வரிசையில் வந்து நிற்கும். ஒன்றொன்றாக நானே அகற்றவேண்டியிருந்தது. பழையதைப் பேணுகிறவன் பழைய குப்பையையும் சுமக்கின்றான்.

மனிதரிடத்திலும் இவ்விரு வழிகளையும் காண்கின்றோம். குடியினால் வீட்டையும் பெயரையும் கெடுத்துக்கொண்ட ஒருவர் ஒரு நாள் திருந்த எண்ணுகின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் முன்னே இரு பாதைகள். ஒன்று, தம்மை எவரும் அறியாத ஊருக்குப் போய், புதிய மனிதராகத் தொடங்குவது. அங்கே பழைய கடன் இல்லை. பழைய ஏச்சும் இல்லை. மற்றது, அதே ஊரில், அதே வீட்டில், அதே கடைக்காரரின் முகத்தில் விழித்துக்கொண்டே உள்ளத்தை மாற்றுவது. முதலாவது இலகு. சிலருக்கு, தீய சேர்க்கையிலிருந்து விடுபட அதுவே தேவையும் ஆகலாம். ஆனால் அவரோடு போகாத சில உண்டு. அவரால் அழுத மனைவி அங்கேயே இருக்கின்றாள். கொப்பியில் எழுதிய கடன் அங்கேயே இருக்கின்றது. தன்னை மாற்றிக்கொண்டவர் மாற்றத்தைக் காட்டவேண்டியதும் அவர்களுக்கே.

இரண்டாவது பாதையிற் செல்பவரை ஊர் உடனே நம்பிவிடாது. "அதே ஆள்தானே" என்று முணுமுணுக்கும். அவர் அதே ஆள்தான். அதே ஆளாக இருப்பதனாலேயே அவரால் கடனை அடைக்கவும் மன்னிப்புக் கேட்கவும் முடிகின்றது. வேறு ஆளாகிவிட்டவர் எதற்காக மன்னிப்புக் கேட்பார்? உள்ளே இருப்பது மாறவேண்டும், பொறுப்பு மாறக்கூடாது. கணனியில் நாம் செய்தது எளிது: உறுப்புகளை மாற்றி நினைவைக் காத்தோம். மனிதன் செய்யவேண்டியது அரிது: நினைவையும் கடனையும் சுமந்துகொண்டே உள்ளத்தை மாற்றுவது.

அயல்வீட்டுப் பையன் ஒக்டோபர் மாதம் வந்தபோது தன் கணனியில் லினக்ஸை நிறுவிக்கொண்டான். அப்பாவின் பலகை இன்று அவனுக்குக் கணிதம் படிப்பிக்கின்றது. எங்கள் வீட்டில் அம்மா வழக்கம்போல அந்த மூலையிலுள்ள படத்தை அழுத்தி, பேரப்பிள்ளையோடு கதைக்கின்றார். திரையோரத்து மங்கிய எழுத்து மறைந்துவிட்டது.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் பழைய பலகை ஒன்று மாற்றப்படும். அப்பொழுது முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். பின்னர் எவராவது "ஏன் மாற்றினாய்?" என்று கேட்டால், சாட்டை விடுத்துக் காரணத்தைச் சொல்லுங்கள்.